பொருள்: டவுன்விண்ட் – தமிழில் என்ன? (அவசரம்)

மொழிபெயர்ப்பவர்:
அனைவருக்கும் வணக்கம். நகரங்கள் வேகமாக விரிவதால் கோடைப் பெருமழை எப்படி மாறுகிறது என்ற பாடத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சுற்றுப்புறத்தைவிட நகரம் சூடாக இருப்பதைச் சொல்லும் 'நகர வெப்பத் தீவு' ஏற்கெனவே புழங்குவதால் சிக்கலில்லை. இடிப்பது டவுன்விண்ட். 1971 முதல் 1975 வரை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில், நகரம் மழையை எப்படி மாற்றுகிறது என்று பார்த்த மெட்ரோமெக்ஸ் ஆய்வில், நகரத்தைக் கடந்து காற்று போகும் பக்கத்தில்தான் கோடை மழை 5 முதல் 25 விழுக்காடு வரை கூடியிருந்தது. அந்தப் பக்கத்துக்கு ஒரு சொல் வேண்டும். 'காற்று மறைவுப் பக்கம்' போடலாமா?

புவியியல் ஆசிரியை:
தயவுசெய்து வேண்டாம். அது மலைப் பாடத்துச் சொல். 'மழை மறைவு' என்று படித்த பிள்ளைகளுக்கு மறைவு என்றாலே வறட்சி. போன வருடம் நானே அப்படிச் சொல்லிக்கொடுத்தேன். விடைத்தாளில் ஒரு மாணவி நகரத்துக்கு அப்பால் மொட்டை மரமும் வெடித்த நிலமும் வரைந்துவைத்தாள். அவள்மேல் என்ன தப்பு? மலை, ஈரத்தை முன்பக்கத்திலேயே கறந்துவிடும். நகரம் அப்படியில்லை. தார்ச்சாலையும் கான்கிரீட்டும் பகலெல்லாம் வாங்கிய சூடு காற்றை மேலே தூக்குகிறது. கட்டடங்களில் முட்டித் தயங்கும் காற்று குவிந்து எழும்புகிறது. மேகம் திரண்டு நீராய் இறங்குவதற்குள் காற்று அதை ஊருக்கு அப்பால் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அங்கேதான் கொட்டும்.

மூத்த உறுப்பினர்:
தம்பி, புதுச்சொல் எதற்கு? சங்க இலக்கியத்தில் கோடை என்பதே காற்றின் பெயர்தான். கிழக்கிலிருந்து கொண்டல், வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை. மேல்காற்று தள்ளினால் மேகம் கிழக்கே போகும். ஆக, 'கோடைமழை' என்றாலே நீங்கள் கேட்கும் பொருள் அடங்கிவிட்டது. கோடு என்றால் மலை. மலைப்பக்கத்திலிருந்து வருவதால் கோடை என்பது என் துணிபு. வாடையையும் இவ்வாறே...

புவியியல் ஆசிரியை:
ஐயா, கடல்காற்று கிழக்கிலிருந்து வந்தால் என்ன செய்வது? கொண்டல்மழை என்று இன்னொரு பாடம் எழுதுவதா?

மென்பொருள்காரர்:
'காற்றுவாக்கு' இருக்கிறதே! ஆட்டோக்காரருக்கும் புரியும்.

மூத்த உறுப்பினர்:
வாக்கு வடசொல். தவிர, 'காற்றுவாக்கில் மழை கூடியது' என்றால் யாரோ காதில் போட்ட வதந்தி மாதிரி இருக்கிறது. 'போகுவளி' என்க.

மென்பொருள்காரர்:
பேச்சு என்ற வாக்கு வேறு, இது வேறு. நெடுக்குவாக்கு, குறுக்குவாக்கு என்கிறோமே, அது. போகுவளியை யாரிடம் போய்ச் சொல்வது?

அகராதிப் பிரியர்:
நீங்கள் பக்கத்துக்கு அடித்துக்கொள்கிறீர்கள், தலைப்பே தகராறு. அதில் வரும் எக்ஸ்ட்ரீம் ரெயின்ஃபாலை மொழிபெயர்ப்பவர் பாடத்துக்குள்ளே 'அதிகனமழை' என்று போட்டிருக்கிறார். இந்திய வானிலை அறிக்கையில் அது 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்வது. இந்தப் பாடத்தில் அளவுகோல் வேறு: ஓரிடத்தின் மழைப்பதிவிலேயே உச்சியில் நிற்கும் 1 விழுக்காடு. வறண்ட இடத்தில் 6 செ.மீ.கூட அதில் சேரும். 'அருமழை' எப்படி? அரிதாக வருவது.

புவியியல் ஆசிரியை:
அருமை மழை என்று படிப்பார்கள். வெள்ளத்தில் நிற்பவரிடம் போய் அருமழை என்பதா? 'உச்சமழை' போதும். நகராக்கமா நகரமயமாதலா என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். இலங்கைக்காரர்கள் 'நகராக்கம்' என்று சுருக்கமாக முடித்துவிட்டார்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம்.

மொழிபெயர்ப்பவர்:
நன்றி. 'காற்றுவாக்கு பக்கம்' என்றே போட்டுவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் 'நகரத்தைக் கடந்து காற்று போகும் பக்கம்' என்று விளக்கம் தந்திருக்கிறேன். 'உச்சமழை'க்கு மூன்று பேர் தனிமடலில் சரி என்றார்கள், ஒருவர் 'உச்சிமழை' என்று படித்தாராம். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் காற்று சுமார் 7 விழுக்காடு கூடுதலாக நீராவி தாங்கும் என்ற பத்தி பாக்கி. அதில் சொல்தகராறு இல்லை என்று நம்புகிறேன்.

மூத்த உறுப்பினர்:
நீராவி 'தாங்குமா', 'கொள்ளுமா'? அது கிடக்கட்டும். என் மறுப்பு பதிவாகட்டும். 'காற்றுவாக்குப் பக்கம்' என்று வரவேண்டும். வன்றொடர்க் குற்றியலுகரம், வலி மிகும். அதையாவது திருத்துங்கள். வாடை பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.