ஃபிரிட்ஜைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது, அவசரம்

மேலவீதி_குமார் | காலை 7:14
ஃபிரிட்ஜைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. நேற்று அம்மாவுக்கு முழங்கை வரை இழுத்துவிட்டது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, ஃபிரிட்ஜ் போய்விட்டது, மாற்றிவிடுங்கள் என்கிறார். வாங்கி நான்கு வருடம்தான் ஆகிறது. மாற்றத்தான் வேண்டுமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

எழில் | 7:31
எந்த ஊர்? வீடு கட்டி எத்தனை வருடம்? மூன்று பின் பிளக்கா, இரண்டா? எப்போதும் அடிக்கிறதா, சில நேரம் மட்டுமா? முதலில் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். பால் கெட்டால் கெடட்டும்.

கூலிங்_ராஜா | 7:40
கம்ப்ரஸர் பாடியில் கரண்ட் லீக். நூற்றுக்குத் தொண்ணூறு இதுதான். நான் தினமும் பார்க்கிறேன்.

திலகம்_தி | 7:52
வீடு பழசு என்றால் நியூட்ரலை, அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயரைப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஃபேஸ் (கரண்ட் வரும் வயர்), நியூட்ரல் இரண்டுக்கும் ஃபியூஸ் போட்டிருப்பார்கள். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் வீடே இருட்டாக இருக்கும், ஆனால் வயரில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிந்தால் அதுதான்.

எழில் | 7:58
நியூட்ரல் போயிருந்தால் ஃபிரிட்ஜே ஓடாதே அக்கா.

திலகம்_தி | 8:01
ஓடுகிறது என்று அவர் எங்கே சொன்னார்?

போர்மேன்_ஓய்வு | 8:20
31 வருடம் கம்பத்தில் ஏறியவன் நான். "ஷாக் அடிக்கிறது" என்று ஒரு வரி எழுதினால் இங்கே யாரும் ஜோசியம் பார்க்க முடியாது தம்பி. எர்த், அதாவது லீக்காகும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் கம்பி, இருக்கிறதா என்று பார். 100 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை எடு. ஒரு வயரை ஃபேஸிலும் இன்னொன்றை எர்த் பின்னிலும் கொடு. பளிச்சென்று எரிந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. மங்கினால் எர்த் சரியில்லை, எரியவே இல்லை என்றால் எர்த்தே இல்லை. சின்னப் பையனுக்கும் தெரிந்த விஷயம்.

எழில் | 8:26
குமார், இதைச் செய்யாதீர்கள்! எர்த் மண்ணுக்குப் போகாமல் அந்தரத்தில் நின்றால், அந்தப் பல்பு வழியாக ஃபேஸ் நேராக எர்த் வயருக்குள் போகும். வீட்டில் எர்த் கொடுத்த அத்தனை இரும்பிலும் கரண்ட் ஏறிவிடும். அந்த நேரத்தில் அம்மா எதையாவது பிடித்திருந்தால்?

போர்மேன்_ஓய்வு | 8:35
நாங்கள் ஆயிரம் வீட்டில் செய்திருக்கிறோம். ஒருவரும் சாகவில்லை.

எழில் | 8:37
ஆள் இல்லாத வீட்டில் நீங்கள் செய்வது வேறு சார்.

மேலவீதி_குமார் | 9:44
மன்னிக்கவும், ஆபீஸ் கிளம்பும் அவசரம். கும்பகோணம் பக்கம். தாத்தா 1966ல் கட்டிய ஓட்டு வீடு. மரப்பட்டை மேல் வயர் அடித்த பழைய வயரிங், கறுப்பு உருண்டை சுவிட்சுகள், பீங்கான் ஃபியூஸ். மூன்று பின் பிளக்தான். ஃபிரிட்ஜ் நன்றாக ஓடுகிறது. காலையில்தான் அடிக்கிறது, மத்தியானம் ஒன்றும் இல்லை. குளியலறைக் குழாயிலும் சுரசுரவென்று இருப்பதாக அம்மா சொல்கிறார். அது வேறு பிரச்சினை என்று எழுதவில்லை.

எழில் | 9:49
அதுதான் பிரச்சினையே! காலையில் மட்டும் ஓடுவது எது, கீசரா? அப்புறம், சமீபத்தில் பைப் வேலை ஏதாவது நடந்ததா?

கூலிங்_ராஜா | 9:55
குழாய்க்கும் ஃபிரிட்ஜுக்கும் என்ன சம்பந்தம்?

மேலவீதி_குமார் | மதியம் 1:10
ஆமாம், கீசர்தான். கீசர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அம்மாவை டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஃபிரிட்ஜிலும் எரியவில்லை, குழாயிலும் எரியவில்லை. போன மாதம் தரைக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்த இரும்புப் பைப்பை எடுத்துவிட்டு பிவிசி போட்டோம். அது தண்ணீர் வேலைதானே?

எழில் | 1:22
அந்தக் காலத்து வீடுகளில் தனியாக எர்த் குழி வெட்டாமல், எர்த் கம்பியை ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தண்ணீர்ப் பைப்பில் கிளாம்ப் போட்டு விட்டுவிடுவார்கள். மண்ணுக்குள் பத்துப் பதினைந்து அடி ஓடும் இரும்பு, அதுவே எர்த். உங்கள் பிளம்பர் பிவிசி போட்டதும் அந்த வழி அறுந்துவிட்டது. சுவருக்குள் மிச்சம் இருக்கும் இரும்புத் துண்டும் குழாயும் எர்த் கம்பியும் ஒன்றோடொன்று சேர்ந்தபடி அந்தரத்தில் நிற்கின்றன. கீசருக்குள் தண்ணீரைச் சுட வைக்கும் காயிலிலிருந்து கரண்ட் லீக் ஆகிறது. மண்ணுக்குப் போக வேண்டிய கரண்ட் எர்த் பின் வழியாக ஃபிரிட்ஜுக்கு வருகிறது. ஃபிரிட்ஜ் பாவம், ஒன்றும் செய்யவில்லை.

ஃபியூஸ் ஏன் போகவில்லை என்று கேட்காதீர்கள். 15 ஆம்பியர் ஃபியூஸுக்கு இந்த லீக் கொசுக்கடி. மனிதனுக்கு 30 மில்லி ஆம்பியரே ஆபத்து.

போர்மேன்_ஓய்வு | 1:40
நானும் எர்த் என்றுதான் முதலிலேயே சொன்னேன்.

திலகம்_தி | 1:48
குமார் தம்பி, "எர்த் பின்னை நியூட்ரலோடு லூப் அடித்துவிடலாம், செலவில்லை" என்று உங்கள் எலக்ட்ரீஷியன் சொன்னால் ஆளை மாற்றுங்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் ஃபிரிட்ஜ் பாடியில் முழு 230 நிற்கும்.

கூலிங்_ராஜா | 1:59
பேசாமல் ஒரு ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனால் தானே டிரிப் ஆகி லைனை அணைக்கும் சுவிட்ச்) போடுங்கள். ஆனால் எர்த் இல்லாமல் அது வேலை செய்யாது.

போர்மேன்_ஓய்வு | 2:04
யார் சொன்னது? ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் திரும்பியதா என்று மட்டும்தான் அது பார்க்கும். அதற்கு எர்த் வயரே கிடையாது, பெட்டியைத் திருப்பிப் பார்.

கூலிங்_ராஜா | 2:06
எங்கள் தெருவில் எர்த் இல்லாத வீட்டில் டிரிப் ஆகவே இல்லை.

எழில் | 2:15
எர்த் இல்லாவிட்டால் ஆள் தொட்டபிறகுதான் டிரிப் ஆகும், எர்த் இருந்தால் லீக் ஆனதுமே ஆகும். இரண்டும் வேண்டும். இதற்கு இத்தனை சண்டையா!

போர்மேன்_ஓய்வு | 2:31
எர்த் குழி போடும்போது இரண்டரை மீட்டர் ஜிஐ பைப், சுற்றிலும் கரியும் உப்பும். கெமிக்கல் பவுடர் என்று எவனாவது வந்தால் விரட்டு.

கூலிங்_ராஜா | 2:38
உப்பு போட்டால் பைப் அரித்துவிடும் சார். இப்போதெல்லாம் கெமிக்கல்தான்.

(இதன் பிறகு உப்பா கெமிக்கலா என்று 23 பதில்கள்.)

மேலவீதி_குமார் | 12 நாள் கழித்து
எல்லோருக்கும் நன்றி. கீசர் காயில் வெடித்திருந்தது, கழற்றியாயிற்று. கொல்லையில் புதுக் குழி போட்டோம் (உப்பு, கரி). ஃபிரிட்ஜை மாற்றவில்லை. ஆர்சிசிபி போட்டால் மட்டும் நிற்கவே மாட்டேன் என்கிறது, உடனே டிரிப் ஆகிறது. ஏன்?

எழில் | 12 நாள் கழித்து
கூடத்து மரப்பட்டையில் ஒரு கிளிப்பைக் கழற்றி வயரைப் பாருங்கள், மெயினை அணைத்துவிட்டு. ரப்பர் பொடியாக உதிர்ந்தால் வயரிங்கையே மாற்ற வேண்டும். உதிரவில்லை என்றால் எங்கோ ஒரு லைனின் நியூட்ரல் இன்னொன்றோடு மாறியிருக்கலாம். மெகர் (வயரில் லீக் இருக்கிறதா என்று சோதிக்கும் கருவி) வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடுங்கள். எந்த லைனைப் போட்டால் டிரிப் ஆகிறது?

எழில் | 19 நாள் கழித்து
குமார்? ஆர்சிசிபியைக் கழற்றிவிடவில்லையே?