பிளாக் டொப் 20 வால்வுக்கு எந்தக் கொம்பியூட்டர்?

கோண்டாவில்101:
அண்ணைமார், ஒரு யோசனை சொல்லுங்கோ. என்னுடைய 101 கொரோலாவுக்கு 4ஏ-ஜிஈ 20 வால்வ் எஞ்சின் ஏற்றிவிட்டேன், பிளாக் டொப் (மூடி கறுப்பான பிந்திய வகை). ஹாஃப் கட்டாக (வெட்டிய பாதிக் காராக) வாங்கியபோதே ஹெட் கொஞ்சம் வழித்திருந்தது. வால்வைத் திறக்கும் கேம் சாப்ட் இரண்டும் நான் போட்டவை, கொம்பனிக் கேமை விட லிஃப்ட் கூட, வால்வ் கூடத் திறக்கும். பெட்ரோலையும் தீப்பொறியையும் கணக்கிடும் டொயோட்டாவின் சொந்தக் கொம்பியூட்டரில்தான் இப்போது ஓடுகிறது. உடனே ஸ்டார்ட் ஆகும். ஆனால் சந்தியில் நிறுத்தினால் ஐடில் நிமிடத்துக்கு 700 சுற்றுக்கும் 1,500-க்கும் இடையில் ஊஞ்சல் ஆடுகிறது, பிளக் நாலும் கரி. அதற்குப் பதிலாக ஸ்பீடுயினோ கொம்பியூட்டர் போடவா, காசைச் சேர்த்து விலை கூடிய லிங்க் அல்லது ஹல்டெக் வாங்கவா, இருப்பதையே வைத்துச் சமாளிக்கவா? கையில் மூன்று லட்சம் இருக்கிறது. தினமும் வேலைக்குப் போகும் கார், மாதம் ஒருக்கால் ஏ9-இல் கொழும்பு. ரேஸ் ஓடுகிற யோசனை இல்லை.

சுன்னாகம்_ஸ்பானர்:
ரேஸ் ஓடுகிற யோசனை இல்லை என்றால் அந்தக் கேம் எதற்கு? கோபிக்காதே தம்பி. பழைய கேமைத் திரும்பப் போடு, கொம்பனிக் கொம்பியூட்டரை வைத்திரு, காசு மிச்சம். அந்த எஞ்சினின் கொம்ப்ரஷன் (காற்றை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பது) கொம்பனியிலேயே 11:1. ஜப்பானின் உயர் ஒக்டேன் பெட்ரோலுக்குச் செய்த எஞ்சின் அது, நீ ஹெட்டும் வழித்ததை ஏற்றியிருக்கிறாய், அது இன்னும் கூடும். எங்கள் பெட்ரோல் செட்டில் ஒக்டேன் 95 முடிந்துபோனால் 92 அடிக்கிற நாளும் வரும். அன்றைக்கு பெட்ரோல் தானாக வெடித்து எஞ்சின் தட்டத் தொடங்கினால், டொயோட்டாக் கொம்பியூட்டர்ப் பெட்டி நொக் சென்சரைக் கேட்டுத் தீப்பொறியைப் பின்னுக்கு இழுத்துக் காப்பாற்றும். பிழை என்றால் சோதனைச் சொக்கட்டில் உள்ள டீஈ1, ஈ1 பின்கள் இரண்டையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்து, செக் லைட் எத்தனை தரம் மின்னுகிறது என்று எண்ணினால் போதும். சாவகச்சேரியிலும் பார்ப்பான், வவுனியாவிலும் பார்ப்பான்.

மெகா2560:
ஸ்பானர் அண்ணை சொல்வது கொம்பனிக் கேமுக்குச் சரி. இந்தக் கேமுக்கு அந்தப் பெட்டி ஒருநாளும் சரிவராது. பிளாக் டொப்பில் காற்று அளக்கும் மீற்றர் இல்லை. முந்திய வகையான சில்வர் டொப்பில் கதவு போல ஆடுகிற ஒரு மீற்றர் இருந்தது, பிளாக் டொப்புக்கு வந்தபோது அதை எடுத்துவிட்டு மெனிபோல்ட் (காற்றுக் குழாய்) அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிட்டார்கள். பெரிய கேமில் இன்லெட்டும் எக்ஸோஸ்டும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் கூடும், ஐடிலில் வெற்றிடம் குறையும். பெட்டிக்கோ அது யாரோ அக்சிலேட்டரை மிதித்தது மாதிரித் தெரியும், பெட்ரோலைக் கொட்டும். பிளக் கரி பிடிப்பது அதனால்தான்.

ஸ்பீடுயினோ போடு தம்பி. உள்ளே அர்டுயினோ மெகா 2560 என்ற சர்க்கிட் போர்ட், 16 மெகாஹெர்ட்ஸ் சிப். நாலு இன்ஜெக்டர், நாலு கொயில். வரைபடம் திறந்தது, எரிந்தால் எந்த ரிசிஸ்டர் எரிந்தது என்று நாங்களே பார்த்து மாற்றலாம். அளவுகளைச் சரிசெய்ய (ரியூன் பண்ண) லப்டொப்பில் டியூனர்ஸ்டூடியோ என்ற மென்பொருள். என்னுடைய ஸ்டார்லெட் இரண்டு வருடமாக அதில்தான் ஓடுகிறது, தீவுப் பக்கமும் போய் வருகிறேன்.

சுன்னாகம்_ஸ்பானர்:
தீவுப் பக்கம்! பண்ணைப் பாலத்து உப்புக்காற்றில் அந்தப் பிளாஸ்டிக் பெட்டியின் பின்கள் எத்தனை வருடம் நிற்கும்?

போன வருடம் இப்படி ஒரு கார் என் கராஜுக்கு வந்தது, யார் செய்தது என்று சொல்லவில்லை. 5,000-க்கு மேல் போனால் பட்டென்று வெட்டும், திரும்ப ஏறும். மூன்று நாள் தேடினேன். எஞ்சின் சுழல்வதைப் பெட்டிக்குச் சொல்லும் கிராங்க் சென்சர் வயரை ஷீல்ட் இல்லாமல் பிளக் கோட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தான். அது சும்மா ஒரு நாடாவால் சுற்றிய வயர். மூன்று நாள் வேலைக்கு அந்தப் பெடியனிடம் எவ்வளவு வாங்குவது, சொல்லு பார்ப்போம்?

மெகா2560:
அது வயரிங் பிழை அண்ணை. அதே வயரை லிங்கில் செருகியிருந்தாலும் வெட்டியிருக்கும். இந்தக் காந்த சென்சரில் பிளஸ் மைனஸ் மாறினாலும் கார் ஓடும், ஆனால் வேகம் கூடக்கூட டைமிங் (தீப்பொறி நேரம்) நகரும். அதைப் பார்த்துவிட்டு “பெட்டி கூடாது” என்பார்கள். ரியூனுக்கு முன் டைமிங் லைட்டைப் பிடித்து 1,000-இலும் 4,000-இலும் பார்த்தால் தெரிந்துவிடும். பத்து நிமிட வேலை, ஒருவரும் செய்வதில்லை.

மெல்பேர்ன்மச்சான்:
ஏன் இவ்வளவு கதை? மூன்று லட்சத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு ஹல்டெக் எடு. சிட்னியில் செய்வது. இல்லையென்றால் லிங்க், நியூசிலாந்து கிறைஸ்ட்சேர்ச்சில் செய்வது. புகையில் காற்று பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பாண்ட் சென்சரைப் பார்த்துத் தானே திருத்தும், எண்ணெய் அழுத்தம் விழுந்தால் எஞ்சினைத் தானே நிறுத்தும். டிசம்பரில் வருகிறேன், பெட்டியில் வைத்துக்கொண்டு வரலாம்.

சுன்னாகம்_ஸ்பானர்:
கொம்பியூட்டர் உன் பெட்டிக்குள் வரும் மச்சான். ரியூன் பண்ணுகிறவனும் அதே பெட்டிக்குள் வருவானா? எனக்குத் தெரிந்து லிங்க் போட்டவர்கள் எல்லோரும் எஞ்சின் வலுவை அளக்கும் டைனோவுக்குக் காரை லொறியில் ஏற்றிக் கொழும்புக்குத்தான் கொண்டு போனார்கள். அங்கே ஒரு நாள் ரியூன் பண்ணி, பாஸ்வேர்டும் போட்டு அனுப்பிவிட்டார்கள். பேந்து மழைக்காலத்துக் குளிரில் காலையில் ஸ்டார்ட் வரவில்லை என்றால் யாரைக் கேட்பது?

மெல்பேர்ன்மச்சான்:
பாஸ்வேர்ட் போட்டது பெட்டியின் குற்றமா?

ஏ40_ஐயா:
தம்பிமார் சண்டை பிடிக்கிறதைப் பார்க்கப் பழைய காலம் ஞாபகம் வருகிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை, பெட்ரோல் போத்தலில்கூடக் கிடையாது. என்னுடைய ஒஸ்டின் ஏ-40 மண்ணெண்ணெயில் ஓடியது. காபரேட்டருக்குள் கொஞ்சம் பெட்ரோலை விட்டு ஸ்டார்ட் எடுத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் மிகக் குறைவு. ஏ-40 அதைத் தாங்கியதற்குக் காரணம் அதன் கொம்ப்ரஷன் ஏழு சொச்சம்தான். நாங்கள் டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்துத் திருப்பி, தட்டுகிற சத்தம் நிற்கிற இடத்தில் இறுக்குவோம். ஆனாலும் எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும், அடிக்கடி மாற்ற வேண்டும். பணம் இருந்தவனுக்கும் இல்லாதவனுக்கும் அன்று ஒரே ரியூனிங்தான், காது.

11:1 எஞ்சினில் அந்த விளையாட்டு நடக்காது. 7,000-இல் தட்டுகிறதா இல்லையா என்று என் காதுக்கும் கேட்காது. அதனால் ஒன்று கேட்கிறேன். மெகா தம்பி, உன் ஸ்பீடுயினோ தட்டுகிற சத்தத்தைக் கேட்குமா?

மெகா2560:
நேர்மையாகச் சொன்னால், கொம்பனிப் பெட்டி அளவுக்குக் கேட்காது ஐயா. அதனால் தீப்பொறியை இரண்டு மூன்று டிகிரி குறைத்தே வைப்பேன். 92-க்கு ஒரு டேபிள், 95-க்கு ஒரு டேபிள், சுவிட்ச் ஒன்று.

சுன்னாகம்_ஸ்பானர்:
சுவிட்சை மாற்ற மறக்கிறவனை நான் பார்த்திருக்கிறேன், வீட்டில் கண்ணாடி முன் நின்றால் தெரிவான்.

இன்னொன்று. நாலு திறொட்டில் உள்ள எஞ்சினில் அழுத்தம் நடுங்கும் என்று, நீங்கள் எல்லோரும் திறொட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை வைத்தே பெட்ரோல் அளக்கிறீர்கள். யாழ்ப்பாணம் கடல் மட்டம், அதனால் ஒன்றும் தெரியாது. இவன் நத்தாருக்கு நுவரெலியா போனால்? 1,868 மீற்றர். அங்கே காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உன் பெட்டி இங்கே கொட்டியதையே அங்கேயும் கொட்டும், கறுப்புப் புகை வரும்.

மெகா2560:
இது நல்ல கேள்வி. வெளிக்காற்று அழுத்தத்துக்குத் தனியாக ஒரு சென்சர் பூட்டினால் பெட்டி திருத்திக்கொள்ளும், ஸ்பீடுயினோவில் அதற்கு இடம் இருக்கிறது. பூட்டாமல் விடுகிறவர்கள்தான் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். என் ஸ்டார்லெட்டிலும் இல்லை. எங்களூரில் மேடு என்று ஒன்று இருந்தால்தானே நினைவு வரும்.

ஏ40_ஐயா:
எல்லோரும் மருந்து சொல்கிறீர்கள், ஒருவரும் காய்ச்சலை அளக்கவில்லை. அந்த வைட்பாண்டை முதலில் பூட்டிப் பார்க்கச் சொல்லுங்கோ.

கோண்டாவில்101:
ஐயா சொன்னபடி பொஷ் எல்எஸ்யூ 4.9 வைட்பாண்ட் சென்சரும் மீற்றரும் வாங்கிப் பூட்டினேன். பெட்டி பழையதுதான், ஒன்றும் மாற்றவில்லை. நேற்று விடிய நாலரைக்கு, றோட்டில் சனம் வரமுதல், நண்பன் பக்கத்தில் இருந்து எழுதினான். ஐடிலில் காற்று பெட்ரோல் விகிதம் 11.2 (இலக்கம் குறைந்தால் பெட்ரோல் கூட). இது எதிர்பார்த்ததுதான். மூன்றாம் கியரில் முழுவதும் மிதித்து 6,500 வந்தபோது 14.3. அதோடு காலை எடுத்துவிட்டேன்.

மெகா2560:
14.3 முழு மிதியிலா? தம்பி, இனி அதில் மிதிக்காதே. 12.5, 13-க்குள் நிற்க வேண்டிய இடம் அது. கேம் மேலே கூடக் காற்று விடுகிறது, டொயோட்டாப் பெட்டிக்கு அது தெரியாது. இனியும் அந்தப் பெட்டி போதும் என்கிறீர்களா அண்ணை?

சுன்னாகம்_ஸ்பானர்:
இல்லை. அந்தக் கேமோடு இல்லை. பிஸ்டன் ஓட்டை விழும். பழைய கேம் எங்கே தம்பி?

கோண்டாவில்101:
விற்றுவிட்டேன் அண்ணை. அந்தக் காசில்தான் இந்தக் கேம்.

மெல்பேர்ன்மச்சான்:
இடையில் சிக்னலை ஏமாற்றுகிற சின்னப் பெட்டிகள் இருக்கின்றனவே, அவற்றில் ஒன்றைப் பார்த்தால் என்ன? மலிவு.

மெகா2560:
அது இன்னும் ஆபத்து. ஐடிலில் பெட்ரோலைக் குறைக்க “காற்றுக் குறைவு” என்று பொய் சொன்னால், டொயோட்டாப் பெட்டி பாரமும் குறைவு என்று நினைத்துத் தீப்பொறியை முன்னுக்குத் தள்ளும். 92 அடித்த நாளில் அதுவே போதும்.

கோண்டாவில்101:
யோசித்துவிட்டேன். லிங்க் நல்லது என்று விளங்குகிறது, ஆனால் ஐடில் ஆடினால் ஒவ்வொரு முறையும் கொழும்புக்கு ஓட என்னால் முடியாது. மெகா அண்ணை கோப்பாயில், பத்து நிமிடத் தூரம். ஸ்பீடுயினோதான். டிஸ்ட்ரிபியூட்டரை வைத்திருப்பேன், உள்ளே இருக்கும் 24 பல் சக்கரத்தையே படிக்கட்டும். டொயோட்டாச் சொக்கட்டை வெட்டாமல் இடையில் ஒரு இணைப்பு வயர் செய்தால், வழியில் எரிந்தாலும் பழைய பெட்டியைச் செருகி மெதுவாக வீட்டுக்கு வரலாம். வெளிக்காற்று சென்சரும் பூட்டுவேன். ஸ்பானர் அண்ணை, அந்த வயரிங்கை நீங்கள் செய்து தருவீர்களா?

சுன்னாகம்_ஸ்பானர்:
பெட்டி எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. வயரிங் செய்து தருகிறேன், ஆனால் லிமிட் 7,000, அதற்கு மேல் அந்த மெகா கை வைக்கக்கூடாது.

மெகா2560:
அந்தக் கேம் வேலை தொடங்குவதே 6,500-இல் அண்ணை. 7,600.

சுன்னாகம்_ஸ்பானர்:
7,200. முதல் ஆயிரம் கிலோமீற்றருக்கு. பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்த்துக் கதைப்போம். ஞாயிறு காலை கொண்டு வா தம்பி, ஷீல்ட் வயர் நீயே வாங்கி வா, மலிவானது வேண்டாம். மத்தியானத்துக்குப் பிறகு நான் இல்லை, மச்சாளின் வீட்டில் சாப்பாடு.