பசித்தால் தானாகச் சாப்பிடுவானா?

மழைத்தூறல்:
என் மகனுக்கு 6 வயது, ஆட்டிசம். சாப்பிடுவது மொத்தமே 7 பொருட்கள், எல்லாம் வெளிர் நிறம், எல்லாம் மொறுமொறு. போன வாரம் பிஸ்கட்டில் ஒரு ஓரம் உடைந்திருந்தது. அதைத் தட்டிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனவன், ராத்திரி வரை எதையும் தொடவில்லை. வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள், நான் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறேனாம், 2 நாள் பட்டினி போட்டால் வழிக்கு வருவானாம். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

நேர்ப்பேச்சு:
கோபித்துக்கொள்ளாதீர்கள் சகோதரி, அவர்கள் சொல்வதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. கேட்டதையே தந்துகொண்டிருந்தால் எந்தப் பிள்ளை மாறும்? என் மகளும் காய் என்றால் ஓடுவாள். வேறு எதுவும் கிடையாது என்று கறாராக உட்கார்ந்தேன், மூன்றாம் வேளை சாப்பிட்டாள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும்.

கூழாங்கல்:
உங்கள் மகளுக்கு ஆட்டிசம் உண்டா? இல்லையென்றால் இது வேறு கணக்கு. நமக்குச் சாதாரணமாகத் தெரிகிற வாசனையும் வழுவழுப்பும் இவர்களுக்குத் தாங்க முடியாததாக இருக்கும். அந்தப் புலன் வித்தியாசத்தை மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும் கையேடான டிஎஸ்எம்-5, 2013இல் வந்தபோதே ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்த்துவிட்டார்கள். பசி என்பதே சரியாகப் பிடிபடாத பிள்ளைகளும் உண்டு. நான் என் மகனைப் பட்டினி போட்டுப் பார்த்தவள். இரண்டாம் நாள் உதடு காய்ந்து சுருண்டு படுத்துவிட்டான், சாப்பாடு கேட்கவே இல்லை.

அம்மாவைக் குறை சொல்வதும் புதிதில்லை. 1943இல் லியோ கன்னர் என்ற குழந்தை மனநல மருத்துவர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே சாப்பாட்டுத் தகராறு வருகிறது. பாசமில்லாத அம்மாவால்தான் ஆட்டிசம் என்று அப்புறம் பல வருடம் நம்பினார்கள். இப்போது பாசம் அதிகமாகிவிட்டதாம்!

நேர்ப்பேச்சு:
சரி, என் மகளுக்கு ஆட்டிசம் இல்லை. பட்டினியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அதற்காக 7 பொருளிலேயே வளரட்டும் என்று விட்டுவிடலாமா?

அரைக்கரண்டி:
நானும் ஆட்டிசப் பிள்ளையின் அம்மாதான், ஆனால் இந்தக் கேள்வியில் நேர்ப்பேச்சு பக்கம். அவன் போக்கில் விடு என்று 3 வருடம் விட்டேன். ஒருநாள் நொண்ட ஆரம்பித்தான். காலில் அடி எதுவும் இல்லை. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பார்த்தால் வைட்டமின் சி குறைபாடு, ஸ்கர்வி! எடை சரியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அதற்கப்புறம்தான் சாப்பிட வைக்கும் பயிற்சிக்குப் போனோம். ஒரு வாய் வாங்கும் வரை உதட்டருகே பிடித்த கரண்டியை எடுக்க மாட்டார்கள். அவனும் அழுதான், நானும் அழுதேன், ஆனால் பழச்சாறு உள்ளே போனது.

கூழாங்கல்:
ஸ்கர்வி விஷயம் சரி, ரத்தப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். மலச்சிக்கல், பல்வலி, எதுக்களிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், வலி இருந்தால் யார்தான் சாப்பிடுவார்? கரண்டி முறையை மட்டும் என்னால் ஏற்க முடியாது. அதைச் செய்து பார்த்த பிறகு என் மகனுக்குக் கரண்டியைப் பார்த்தாலே குமட்டல். ஒளித்துக் கொடுப்பதும் வேண்டாம். நூடுல்ஸில் கேரட்டைத் துருவிப் போட்டேன், கண்டுபிடித்துவிட்டான், அன்றோடு நூடுல்ஸும் போயிற்று. பக்கத்தில் வைப்பது, தொடுவது, முகர்வது, நக்குவது என்று மெதுவாகத்தான் போகிறோம்.

அரைக்கரண்டி:
மெதுவாகப் போக எனக்கு நேரம் இருக்கவில்லை அக்கா.

மழைத்தூறல்:
இன்று அவன் தட்டை விட்டுத் தள்ளி ஒரு கிண்ணத்தில் ஆப்பிள் துண்டு வைத்தேன். கிண்ணத்தை மேசை ஓரத்துக்குத் தள்ளினான், ஆனால் எழுந்து போகவில்லை. நாளை ரத்தப் பரிசோதனை. ஊசிக்கு இவனை எப்படி உட்கார வைப்பது?

அரைக்கரண்டி:
மரத்துப்போகும் கிரீம் இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள். ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்னால் தடவ வேண்டும். உடையாத பிஸ்கட் ஒரு பாக்கெட் கையில் இருக்கட்டும்.