4×5 பயணத்துக்கு எடை குறைந்த 90 மி.மீ. லென்ஸ் எது?

கேள்வி: சுமைதாங்கி

மடித்துத் தூக்கிப் போகிற மர ஃபீல்டு கேமரா வைத்திருக்கிறேன், 4×5 அங்குல ஷீட் ஃபிலிம் போடுவது. வைடுக்கு (அகலக் கோணத்துக்கு) இருப்பது 90 மி.மீ. எஃப்/5.6 சூப்பர் ஆங்குலன். படத்தில் குறையே சொல்ல முடியாது. ஆனால் 82 மி.மீ. ஃபில்டர் கேட்கிற தலை! மாட்டினால் லென்ஸைத் தாங்கும் முன்சட்டம் லேசாகக் குனிகிறது, மாட்டியபடியே கேமராவை மடிக்கவும் முடியாது. போன பயணத்தில் இரண்டாம் நாளே அதை அறையில் போட்டுவிட்டு 150 மி.மீ. லென்ஸை மட்டும் தூக்கிக்கொண்டு நடந்தேன். பழைய எஃப்/6.8 ஆங்குலன் (சூப்பர் இல்லாதது) வாங்கலாமா?

பதில்: கறுப்புத்துணி

அந்தக் குட்டி ஆங்குலனோடு ஏழெட்டு வருடம் சுற்றியிருக்கிறேன், அதனால் நல்லது கெட்டது ரெண்டையும் சொல்கிறேன். ஃபில்டர் 40.5 மி.மீ.தான், சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். எஃப்/22-இல் நெகட்டிவ் நன்றாகவே இருக்கும். 3.7 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் இரண்டு மீட்டருக்குள்ளிருந்தே எல்லாம் தெளிவு.

வில்லங்கம் இமேஜ் சர்க்கிளில், அதாவது லென்ஸ் பின்னால் விழவைக்கிற வட்டப் பிம்பத்தில். அது 154 மி.மீ., ஃபிலிமின் மூலைவிட்டமோ ஏறக்குறைய 153. மிச்சம் என்ன? ஒன்றுமில்லை. ஒரு தடவை உயரமான கட்டடம் ஒன்றுக்கு 10 மி.மீ. ரைஸ் கொடுத்தேன், அதாவது லென்ஸை மட்டும் மேலே நகர்த்தினேன். அந்தி வெளிச்சம், கிரவுண்ட் கிளாஸில் (பின்னால் பிம்பம் பார்க்கிற மங்கல் கண்ணாடி) மூலைகள் எப்படியும் இருட்டுதான், கவனிக்கவில்லை. டெவலப் செய்த பிறகுதான் தெரிந்தது: வானத்தின் இரண்டு மூலைகளும் கறுத்து, குழைந்து கிடந்தன. நாலு ஷீட் போச்சு.

இப்போது கிளிக்குக்கு முன்னால் ஒரு வேலை செய்கிறேன். எஃப்/22-க்கு மூடிவிட்டு, கிரவுண்ட் கிளாஸின் வெட்டிய மூலை வழியாக லென்ஸைப் பார்ப்பேன். லென்ஸின் ஓட்டை முழுசாகத் தெரிந்தால் சரி, ஒரு பக்கம் கடித்த மாதிரி இருந்தால் ரைஸைக் குறைக்க வேண்டும். ரைஸ் கொடுத்தால் கீழ் மூலைகளைப் பாருங்கள். பிம்பம் தலைகீழ், வானம் அங்கேதானே விழுகிறது!

வெறும் மலை, காடு என்றால் ஆங்குலன் போதும். கட்டடமும் எடுப்பேன் என்றால் நிக்கோர் எஸ்.டபிள்யூ. 90 எஃப்/8. 360 கிராம், 67 மி.மீ. ஃபில்டர், இமேஜ் சர்க்கிள் 235. கிடைமட்டப் படத்தில் 50 மி.மீ. வரை ரைஸ் தாங்கும். உங்கள் பெல்லோஸ் (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவிலுள்ள மடிப்புத் துருத்தி) அவ்வளவு வளைந்து கொடுக்குமா என்பதுதான் கேள்வி. நான் கடைசியில் அதற்குத்தான் மாறினேன்.

பதில்: ஒற்றைக்கால்

சூப்பர் சிம்மார் எக்ஸ்.எல். 80 என்று ஒன்று உண்டு. 271 கிராம், 212 மி.மீ. சர்க்கிள். கையில் கனமே தெரியாது, விலையைக் கேட்டால் தெரியும்.

இன்னொன்று: லென்ஸில் 200 கிராம் மிச்சம் பிடிக்க மண்டையை உடைக்கிறோம், பையில் ஃபிலிம் ஷீட் போடுகிற ஹோல்டர் பத்து அடுக்குகிறோம். என் தராசில் ஒரு ஹோல்டர் 170 கிராம்!

சுமைதாங்கி

ஹோல்டரை நினைவுபடுத்தியதற்கு நன்றி, எட்டு எடுத்துப் போயிருந்தேன், ஐந்தைத் திறக்கவே இல்லை. பழைய நெகட்டிவ்களை எடுத்துப் பார்த்தேன். வைடில் எடுத்த பதினேழில் ரைஸ் கொடுத்தது மூன்றே மூன்று. ஆங்குலனை மாட்டியபடி மடிக்க முடியுமா, அண்ணா?

கறுப்புத்துணி

என்னுடையதில் மடிந்தது. லென்ஸின் பின்கண்ணாடி சின்னது, தட்டையான லென்ஸ் போர்டில் (லென்ஸ் பொருத்தும் பலகை) போட்டிருந்தேன். ஆனால் கேமராவுக்குக் கேமரா உள்ளே இடம் மாறும். வாங்குகிற இடத்துக்கு உங்கள் கேமராவையும் கொண்டுபோய் ஒருமுறை மூடிப் பாருங்கள். அந்த மூன்றும் கட்டடமா?

சுமைதாங்கி

இரண்டு கட்டடம், ஒன்று மரம்.

கறுப்புத்துணி

மரத்துக்கு நாலடி பின்னால் போய்க்கொள்ளுங்கள். ஆங்குலனே வாங்குங்கள்.