210-ல் கூர்மை, 70-ல் கலங்கல்: சோனி ஏ7 மார்க் 3-ல் பழைய மினோல்டா ஜூம்

படச்சுருள்86

வணக்கம். பத்து நாளாக மண்டை காய்கிறது, யாராவது கைகொடுங்கள்.

1986-ல் சித்தப்பா குவைத்திலிருந்து கொண்டுவந்த மினோல்டா எக்ஸ்-300 பீரோவில் கிடந்தது. கூடவே ஒரு எம்.டி. 50 மி.மீ. எஃப் 1.7, ஒரு எம்.டி. ஜூம் 70-210 மி.மீ. எஃப் 4. கேமரா போய்விட்டது, லென்ஸ்கள் நன்றாக இருக்கின்றன. ஆன்லைனில் மலிவாக ஓர் அடாப்டர் (வேறு கம்பெனி லென்ஸை மாட்ட உதவும் இடைவளையம்) வாங்கி ஏ7 மார்க் 3-ல் மாட்டினேன். முதலில் ஷட்டரே விழவில்லை. லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் விழலாம் என்று மெனுவில் அனுமதி கொடுத்ததும் அது தீர்ந்தது.

50 பிரமாதம். ஜூமும் 210-ல் பிரமாதம், கொக்கின் இறகு இழை இழையாகத் தெரிகிறது. ஆனால் 210-ல் ஃபோகஸ் வைத்துவிட்டு 70-க்கு வந்து எடுத்தால் படம் முழுக்க வெண்ணெய் தடவியது மாதிரி இருக்கிறது. லென்ஸின் துவாரத்தை எஃப் 8-க்கு மூடினால் ஓரளவு தேறுகிறது. பழைய லென்ஸ் என்றாலே இப்படித்தானா? டார்ச் அடித்துப் பார்த்ததில் பின்கண்ணாடியின் ஓரத்தில் மிளகளவு பூஞ்சை தெரிந்தது. அதுதான் காரணமா?

கரையோரக்கொக்கு

பூஞ்சையாக இருக்காது. பூஞ்சை முற்றினால் படம் வெளிறும், எதிர்வெளிச்சத்தில் புகை படிந்த மாதிரி ஆகும். ஆனால் 210-ஐ விட்டுவிட்டு 70-ஐ மட்டும் பிடிக்காது. இருந்தாலும் அந்த லென்ஸை மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டுத் தனியாக வையுங்கள், ஐப்பசி மழை வருவதற்குள்.

எனக்கு ஸ்டெடிஷாட் மேல்தான் சந்தேகம், அதாவது கை நடுக்கத்தை ஈடுகட்ட கேமரா சென்சாரை ஆட்டும் வசதி. இந்த அடாப்டரில் சிப் கிடையாது, அதனால் என்ன லென்ஸ் மாட்டியிருக்கிறது என்றே கேமராவுக்குத் தெரியாது. மெனுவில் குவியத் தூரத்தை நாம்தான் கையால் கொடுக்க வேண்டும். 200 என்று கொடுத்துவிட்டு 70-ல் எடுத்தால், தேவைக்கு மேல் சென்சாரை ஆட்டி அதுவே படத்தைக் கலைத்துவிடும். ஜூமுக்கு நான் எப்போதும் குறைந்த முனையின் எண்ணைத்தான் கொடுத்து வைப்பேன். 210-ல் உதவி குறையும், கெடுதல் இல்லை.

மின்மினி_லோ

எதற்கு இந்தப் பாடு? பழைய ஜூம் எல்லாமே திறந்த துவாரத்தில் மங்கல்தான். எஃப் 8 வைத்து எடுங்கள், இல்லையென்றால் விற்றுவிட்டு ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ் ஒன்று வாங்குங்கள்.

படச்சுருள்86

கரையோரக்கொக்கு, நான் 200 என்றுதான் வைத்திருந்தேன்! மாற்றிவிட்டேன். கையில் பிடித்து எடுப்பது இப்போது தேவலை. ஆனால் ஸ்டெடிஷாட்டை அணைத்து, டிரைபாடில் வைத்து, 2 விநாடி டைமரில் எடுத்தாலும் 70-ல் அதே கலங்கல்.

மின்மினி, விற்க மனசில்லை.

ரோல்36

தம்பி, லென்ஸை இப்போதே குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். ஒரு சோதனை செய்யுங்கள்.

இரவில் தூரத்துச் செல்போன் டவரின் சிவப்பு விளக்கைப் பிடியுங்கள். ஒரு கிலோமீட்டராவது தள்ளி இருக்கட்டும். டிரைபாட், எஃப் 4, 210. பீக்கிங்கை (தெளிந்த விளிம்புக்கு நிறம் பூசிக் காட்டும் வசதி) நம்பாமல் திரையில் பெரிதாக்கிப் பார்த்து விளக்கைப் புள்ளியாக்குங்கள். உங்கள் லென்ஸில் ஒரே வளையம்தான். சுழற்றினால் ஃபோகஸ், முன்பின் தள்ளினால் ஜூம். தள்ளும்போது கை லேசாகத் திருகிவிடும். அதனால் வளையத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அது நகராமல் 70-க்கு வாருங்கள். மறுபடி பெரிதாக்கிப் பாருங்கள். கலங்கியிருந்தால், எந்தப் பக்கம் எவ்வளவு திருகினால் தெளிகிறது என்று சொல்லுங்கள்.

படச்சுருள்86

செய்தேன். 210-ல் விளக்கு ஊசிமுனை. வளையம் ஏறக்குறைய இன்ஃபினிட்டி (எல்லையில்லாத் தூரம்) முட்டும் இடத்திலேயே நிற்கிறது. அப்படியே 70-க்கு வந்தால் குங்குமப் பொட்டு மாதிரி வட்டமாகிவிடுகிறது. இன்ஃபினிட்டிக் குறிக்குச் சற்று முன்னால், கிட்டத்துப் பக்கம் திருகினால் மறுபடி ஊசிமுனை!

ரோல்36

அப்படியானால் 70-லும் லென்ஸ் நன்றாகவே வரைகிறது. அடாப்டர்தான் ஒல்லி.

அந்தக் காலத்துக் கைமுறை ஜூம்களில் பெரும்பாலானவை, ஒரு முனையில் வைத்த ஃபோகஸ் மறுமுனை வரை மாறாமல் இருக்கும்படி செய்யப்பட்டவை. நீள முனையில் ஃபோகஸ் வைத்துவிட்டு, பிறகு அகல முனைக்கு வந்து ஃபிரேம் கட்டுவதுதான் அப்போது எல்லாருக்கும் பழக்கம். ஆனால் அந்தக் குணம் நிலைக்க வேண்டுமானால் லென்ஸ் சரியான தூரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மினோல்டா மவுண்டின் (லென்ஸ் மாட்டும் வாய்) முகத்திலிருந்து ஃபிலிம் வரை 43.5 மி.மீ. சோனி இ மவுண்டில் சென்சார் வரை 18 மி.மீ. ஆக அடாப்டரின் தடிமன் 25.5 மி.மீ. இருந்தாக வேண்டும். மலிவானவற்றை ஒரு நூலிழை குறைத்தே கடைவார்கள். கூடினால் இன்ஃபினிட்டி கிடைக்காது, வாங்கியவர் சண்டைக்கு வருவார். குறைந்தால் யாரும் கவனிப்பதில்லை.

உங்கள் 50-ம் இன்ஃபினிட்டியைத் தாண்டித்தான் போகும், பாருங்கள். ஒற்றைக் குவிய லென்ஸில் வளையத்தைக் கொஞ்சம் திருப்பிச் சரிசெய்துகொள்கிறோம், அதனால் தெரிவதில்லை. ஜூம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அடாப்டரை அளந்துவிட்டு வாருங்கள்.

வெயில்நிழல்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடமும் ஒரு எம்.டி. ஜூம் இருக்கிறது, கேமரா கேனான் இ.எஃப். மவுண்ட் டி.எஸ்.எல்.ஆர். அதில் மாட்ட முடியுமா?

ரோல்36

உள்ளே லென்ஸ் கண்ணாடி இல்லாத வெறும் அடாப்டரில் முடியாது சார். உங்கள் கேமராவுக்கு 44 மி.மீ. வேண்டும், லென்ஸ் கேட்பது 43.5. அடாப்டர் நுழைய இடமே இல்லை, தூரத்து எதிலும் ஃபோகஸ் வராது. நிக்கான் எஃப். இன்னும் மோசம், 46.5. நடுவில் கண்ணாடி வைத்த அடாப்டர்கள் உண்டு, ஆனால் கூர்மையைத் தின்றுவிடும். எம்42 திருகு லென்ஸ் இருந்தால் மாட்டுங்கள், அதற்கு 45.46. கேனானில் தாராளமாக உட்காரும்.

படச்சுருள்86

எங்கள் தெரு லேத் பட்டறையில் மைக்ரோமீட்டர் இருந்தது. நான்கு இடத்தில் அளந்தோம். எல்லா இடத்திலும் 25.36, அங்கே இங்கே 0.01 வித்தியாசம். பட்டறைக்காரர், "0.14-க்கா தம்பி இவ்வளவு அமர்க்களம்?" என்றார். 50-ம் நீங்கள் சொன்ன மாதிரியே இன்ஃபினிட்டியைத் தாண்டுகிறது.

ரோல்36

அந்த 0.14 போதும். ஒரு கணக்கு சொல்கிறேன். குவியத் தூரத்தின் வர்க்கத்தைக் குறைபாட்டால் வகுங்கள். 210-க்கு 44,100-ஐ 0.14-ஆல் வகுத்தால் சுமார் 315 மீட்டர். 70-க்கு 4,900-ஐ வகுத்தால் 35 மீட்டர். அதாவது டவர் விளக்கு தெளிய வேண்டுமென்றால், 210-ல் ஃபோகஸ் வளையத்தை 315 மீட்டருக்கு வைக்க வேண்டும், அது இன்ஃபினிட்டிக்குப் பக்கத்துவீடு. 70-ல் 35 மீட்டருக்கு வைக்க வேண்டும். ஒரே வளையம் இரண்டு இடத்தில் எப்படி நிற்கும்? எஃப் 4-ல் அந்தக் கலங்கல் சுமார் 0.03 மி.மீ. வட்டம். உங்கள் 24 மெகாபிக்சல் சென்சாரில் ஐந்து பிக்சல். எஃப் 8-ல் அது பாதியாகிவிடும். நீங்கள் ஓரளவு தேறுகிறது என்றது அதைத்தான்.

மருந்து ஷிம், அதாவது இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு. அடாப்டரில் லென்ஸ் உட்காரும் வளையத்தைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், கீழே வெள்ளைத் துண்டு விரித்துக்கொள்ளுங்கள். முதலில் ஜெராக்ஸ் பேப்பரில் வளையம் வெட்டிப் போட்டுப் பாருங்கள். 80 ஜி.எஸ்.எம். தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. பலித்தால் அதே அளவில் பித்தளை ஷிம். மீதி 0.04-ஐ விட்டுவிடுங்கள். பேராசைப்பட்டு முழுசும் நிரப்பினால், எங்காவது நூல் பிசகி இன்ஃபினிட்டியே போய்விடும்.

படச்சுருள்86

பலித்தது! பேப்பரிலேயே தெரிந்துவிட்டது. பட்டறைக்காரரே 0.1 பித்தளைத் தகட்டில் துண்டு வெட்டிக்கொடுத்தார், காசு வாங்கவில்லை. கத்தரியில் வெட்டிய விளிம்பு சுருண்டுகொண்டது. கரண்டியின் முதுகால் தேய்த்துத் தட்டையாக்கி, ஸ்க்ரூ வரும் இடங்களில் துளை போட்டு மாட்டினேன். முதல் தடவை ஒரு பக்கம் மட்டும் இறுக்கிவிட்டதால் படத்தின் இடது ஓரம் கலங்கியது. எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கியதும் நேரானது.

இப்போது 210-ல் வைத்த ஃபோகஸ் 70 வரை அப்படியே வருகிறது. எஃப் 4-ல் வெள்ளைக் கொக்கின் விளிம்பில் ஊதா நிறம் கசிகிறது, எஃப் 5.6-க்குப் போனால் குறைகிறது. இனி அதை நான் லென்ஸின் குணம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. கீழ்நோக்கிப் பிடித்தால் ஜூம் தானாகச் சரிகிறது. கிணற்றுத் தவளையை எடுக்கப் போனால் ஃபிரேம் கையை விட்டு ஓடுகிறது.

கரையோரக்கொக்கு

தள்ளி இழுக்கும் ஜூம் எல்லாவற்றுக்கும் வயதானால் வரும் சமாச்சாரம். பழைய சைக்கிள் ட்யூபில் இரண்டு விரல் அகலம் வெட்டி, வளையமும் அசையாத பகுதியும் சேரும் இடத்தில் மாட்டுங்கள். ஃபோகஸ் கொஞ்சம் கனக்கும், பழகிவிடும்.

படச்சுருள்86

மாட்டிவிட்டேன், நிற்கிறது. படங்களைச் சித்தப்பாவிடம் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "அதோடு 55 மி.மீ. யு.வி. ஃபில்டர் ஒன்று இருந்ததே, அது எங்கே?" என்றார். பீரோவைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.