ஹெல்மெட் கேமரா: காத்து இரைச்சல், சூடாகி ஆஃப் ஆகறது... 30,000 ரூபாய்க்குள்ள எதை எடுக்கறதுங்க?

நாலாவது கியர் (கோவை)
வணக்கமுங்க. ஹிமாலயன் வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை ஆனா ஆழியார் வழியா வால்பாறை, இல்லீன்னா வாளையார் தாண்டி பாலக்காட்டுப் பக்கம். ஓட்டிக்கிட்டே பேசி வீடியோ போடலாம்னு ஆசை. சினேகிதன்கிட்ட ஒரு பழைய ஆக்‌ஷன் கேமரா வாங்கி ஹெல்மெட் உச்சியில ஒட்டிப் பார்த்தேன்.

வேகம் 50ஐத் தாண்டினா என் பேச்சே கேக்கல, ஒரே காத்து. படத்துல முக்காவாசி வானமும் மரக்கிளையும்தான், ஹேண்டில்பார் தெரியவே இல்ல. பொள்ளாச்சியில மத்தியான வெயில்ல சிக்னல்ல நின்னப்ப சூடாகித் தானா ஆஃப் ஆயிடுச்சு போல. தலைக்கு மேல இருக்கறதால எனக்குத் தெரியல. லோம்ஸ் வியூகிட்ட வரையாடு நின்னுச்சுங்க, அதுவும் போச்சு.

கோப்ரோவா, டிஜேஐயா, இன்ஸ்டா360ஆ? ஹெல்மெட் ஃபுல் ஃபேஸ், மேட் கறுப்பு.

சைலன்சர்
கண்ணை மூடிட்டு கோப்ரோ எடு ப்ரோ. வேற பேச்சே வேணாம்.

கிளட்ச் வயர்
எதுக்குங்க இவ்வளவு செலவு? போனை ஹேண்டில்பார்ல மாட்டினா போதுமே.

மலைப்பாதை (சேலம்)
@கிளட்ச் வயர், அதை மட்டும் சொல்லாதீங்க. போன் கேமராவுல ஆட்டத்தைக் குறைக்க லென்ஸை அசைக்கற ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷன் பாகம் இன்ஜின் அதிர்வுல கெட்டுப் போகலாம்னு ஆப்பிளே 2021ல எச்சரிச்சிருக்கு. ஒத்தை சிலிண்டர் வண்டி வேற. ஹெல்மெட்ல வச்சா அந்த அதிர்வு பெரும்பாலும் உங்க உடம்போட நின்னுடும்.

நாலாவது கியர் தம்பி, உங்க பிரச்சனையில பாதிக்கு மேல கேமராவோடது இல்ல, அதை வச்ச இடத்தோடது. உச்சியில வச்சா காத்து நேரா அடிக்கும், கழுத்தைப் பின்னால இழுக்கும், மலையில தாழ்ந்த கிளை தட்டும். விழுந்தா தலையை முறுக்குற நெம்புகோலும் அதுதான். தாடையில வைங்க. வாய்க்கு முன்னாடி, கண்ணுக்குக் கொஞ்சம் கீழ. ஹேண்டில்பார், மீட்டர், ரோடு மூணும் ஒரே ஃப்ரேம்ல வரும். பார்க்கறவனுக்கும் தானே ஓட்டற மாதிரி இருக்கும்.

அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஹெல்மெட் தாடையைப் பாருங்க. கூர்மையா இருக்கா, தட்டையா? நடுவுல காத்துத் துவாரம் இருக்கா? மவுண்ட், அதாவது கேமராவைப் பிடிக்கற தாங்கி, ஒழுங்கா உட்காரலைன்னா எந்தக் கம்பெனி கேமரா வாங்கியும் பிரயோஜனம் இல்ல.

எடையும் பாருங்க. டிஜேஐ ஆஸ்மோ ஆக்‌ஷன் 4 சுமார் 145 கிராம், கோப்ரோ ஹீரோ 12 சுமார் 154. இதுல பெரிய வித்தியாசம் கிடையாது. மவுண்ட், மைக் அடாப்டர் எல்லாம் சேர்ந்து 200ஐத் தாண்டறப்பதான் சாயங்காலம் கழுத்து பேசும்.

இப்ப சத்தம். எந்த ஆக்‌ஷன் கேமராவா இருந்தாலும் வெளிய இருக்கற மைக்குல 60, 70 வேகத்துல பேச்சு எடுபடாது. செட்டிங்ல காத்துக் குறைப்புன்னு ஒண்ணு இருக்கும், அது நடந்து போறவனுக்குத்தான் சரி. ஹெல்மெட்டுக்குள்ள கன்னப் பஞ்சுக்குப் பக்கத்துல, வாயோரமா ஒரு சின்ன காலர் மைக் வைங்க, ஸ்பாஞ்ச் உறையோட. ஆக்‌ஷன் 4ல டைப்-சி துளையிலயே டைப்-சி முனை உள்ள மைக்கைச் சேர்க்கலாம். ஹீரோ 12ல கம்பி மைக்குக்கு அடாப்டரோ, மைக் துளை இருக்கற மீடியா மாட்ங்கற கூடோ தனியா வாங்கணும். ப்ளூடூத் வேணா நேரடியா சேரும். பேசிக்கிட்டே ஓட்டற ஆளுக்கு இந்த ஒரு காரணமே டிஜேஐ பக்கம் சாய்க்கும். ஒரு குறை: கம்பி சொருகினா மூடி திறந்திருக்கும், அப்ப மழைக்கு ஆகாது. வால்பாறையில மழை சொல்லிட்டு வராது.

30,000த்தையும் கேமராவிலேயே கொட்டாதீங்க. மவுண்ட், மைக், கார்டு, இன்னொரு பேட்டரின்னு அஞ்சாறாயிரம் எடுத்து வச்சுட்டு மீதிக்குக் கேமரா பாருங்க.

ஓவர்லோடு
சுத்தி எல்லாப் பக்கமும் எடுக்கற 360 கேமரா யாரும் சொல்லலையே? இன்ஸ்டா360 எக்ஸ்4 எடுத்தா எந்தப் பக்கம் பாக்கறதுன்னு அப்புறமா முடிவு பண்ணிக்கலாம். வரையாடு தப்பிச்சிருக்காது 😄

மலைப்பாதை (சேலம்)
உண்மைதான். ஆனா அது 200 கிராம், தாடையில நிக்கிற உருவமும் இல்ல. ஒரு மணி நேர ரைடை எடிட் பண்ண ராத்திரி பூரா கணினி முன்னாடி உட்காரணும். பட்ஜெட்டும் தாண்டும்.

இரவல் பெட்ரோல்
சூட்டைப் பத்தி யாரும் பேசல. வண்டி ஓடறப்ப காத்துதான் கேமராவோட ஃபேன். நின்னா சூடு ஏறும், 4கே 60ல (வினாடிக்கு 60 ஃப்ரேம்) இன்னும் வேகமா ஏறும். சிக்னல்ல ரெக்கார்டிங்கை நிறுத்துங்க, வைஃபை அணைச்சு வைங்க, 4கே 30 போதும். அவசியம்னா 1080க்கு இறக்குங்க, யூடியூப்ல போன்ல பாக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஆன் ஆகும்போதும் ஆஃப் ஆகும்போதும் வர்ற பீப் சத்தத்தை அதிகமா வைங்க, தாடையில இருந்தா காதுல விழும்.

பேட்டரிக்கு டப்பாவுல போட்டிருக்கற கணக்கை நம்பாதீங்க. ஆக்‌ஷன் 4க்கு 160 நிமிஷம்ங்கறது 1080, 24 ஃப்ரேம், வைஃபை ஆஃப்ல வர்ற கணக்கு. 4கேக்கு அவ்வளவு வராது.

கார்டு, பதிவு வேகத்தைக் காட்டற வி30 எழுத்து இருக்கற ஒரிஜினலா வாங்குங்க. வினாடிக்கு 100 மெகாபிட்ல பதிவு பண்ணா மணிக்கு 45 ஜிபி ஆகும். 128 ஜிபி கார்டு மூணு மணி நேரம் தாங்காது.

நாலாவது கியர் (கோவை)
ரொம்ப நன்றிங்ணா. தாடையைப் பார்த்தேன். கூர்மையாத்தான் இருக்கு, நடுவுல காத்துத் துவாரமும் இருக்கு. மேட் ஃபினிஷ்ல ஸ்டிக்கர் பிடிக்குமா? திருகாணி போட்டு முடுக்கிடலாமான்னு கடைக்காரர் கேக்கறார்.

மலைப்பாதை (சேலம்)
துளை மட்டும் போட விட்டுடாதீங்க! ஓடு பலவீனமாயிடும், ஐஎஸ்ஐ முத்திரைக்கு அப்புறம் அர்த்தமே இல்ல. விழும்போது கேமரா பிய்ச்சுக்கிட்டுப் போறதுதான் தலைக்கு நல்லது.

கூர்மையான தாடைக்குப் பட்டையால இழுத்துக் கட்டற மவுண்ட் வருது. துவாரத்தை மூடுமான்னு பாருங்க. மூடினா மழையில வைசர் பனிமூட்டம் கட்டும். ஸ்டிக்கர்தான் வேணும்னா வளைவுக்கு ஏத்த அடிப்பாகமா எடுங்க. ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல துடைச்சு, காஞ்சப்புறம் ஒட்டி, 24 மணி நேரம் தொடாதீங்க. மேட்ல பிடிப்பு கொஞ்சம் குறைவுதான். ஒரு மெல்லிய கயிறு கட்டி வைங்க, கழண்டாலும் பின்னால வர்ற பஸ் டயருக்கடியில போகாது.

கிளட்ச் வயர்
பாலக்காடு போவேன்னு சொன்னீங்கல்ல? கேரளாவுல ஹெல்மெட் கேமராவுக்கு மோட்டார் வாகனத் துறை 2022லயே தடை சொல்லிடுச்சு. 1,000 ரூபாய் அபராதம், லைசென்ஸை மூணு மாசம் வரைக்கும் நிறுத்தி வைப்போம்னு அறிவிச்சாங்க. வாளையார் எல்லைக்கு முன்னாடியே கழட்டிப் பையில போட்டுருங்க. வால்பாறையில இருந்து மளுக்கப்பாறை வழியா அதிரப்பள்ளி இறங்கினாலும் இதே கதைதான்.

நாலாவது கியர் (கோவை)
இது தெரியாதுங்க! அந்தப் பக்கம் போறப்ப நெஞ்சுல மாட்டற பட்டையில வச்சுக்கறேன்.

அப்ப ஆக்‌ஷன் 4, பட்டை மவுண்ட், காலர் மைக். கடைசியா ஒண்ணு: ஸ்டெபிலைசேஷன் எதுல வைக்கறதுங்க? சாய்மானம் தெரியணும்.

இரவல் பெட்ரோல்
டிஜேஐயில ஆட்டத்தை மட்டும் குறைக்கற ராக்ஸ்டெடி மட்டும் போடுங்க. ஹொரைசன் ஸ்டெடி போட்டா அடிவானம் நேராவே நிக்கும். வால்பாறை ரோட்டோட நாப்பது கொண்டை ஊசி வளைவுல நீங்க எவ்வளவு சாஞ்சாலும் லாரியில உட்கார்ந்து போற மாதிரிதான் தெரியும். கேமராவைத் தலைகீழா மாட்டறதா இருந்தா திசையை லாக் பண்ணிருங்க. வெளிச்சத்தைக் குறைக்கற என்டி ஃபில்டர் கண்ணாடி வேணாம், அந்த ரோட்ல ஒரு வளைவு வெயில், அடுத்தது நிழல். நிழல்ல படம் கலங்கிடும்.

கோணம் வைக்கறப்ப வண்டி மேல உட்கார்ந்து, ஹெல்மெட் போட்டு, ஓட்டற மாதிரியே குனிஞ்சு, போன் ஆப்ல பாருங்க. மேசையில வச்சுப் பார்த்தா தப்பாத்தான் வரும். மீட்டர் ஃப்ரேமோட அடியில கால்வாசிக்குள்ள இருக்கணும். அந்த இடத்துல ஒரு மார்க்கர்ல கோடு போட்டுக்கங்க, அடுத்த வாரம் தேட வேண்டாம்.