சிலிண்டர் காலத்துக் கைப்பழக்கமும் குழாய்வழி எரிவாயுவும்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

சென்னைத் தென்புறநகரிலிருந்து ஓர் இல்லத்தரசி:

எங்கள் அடுக்ககத்திற்குக் குழாய்வழி இயற்கை எரிவாயு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அதற்கு முன் 22 ஆண்டுகள் சிலிண்டரோடு குடித்தனம் நடத்தியவள் என்பதால், இந்த விஷயத்தில் எனக்கு யாரும் எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றே நினைத்திருந்தேன். கடந்த மாதம் ஒரு நாள் இரவு, பாலுக்கு உறை ஊற்றிவிட்டுச் சமையலறைக் கதவைச் சாத்தப் போனபோது, அழுகிய முட்டைக்கோஸ் போன்ற அந்த வாடை மூக்கில் ஏறியது. அடுப்பின் குமிழ்கள் அனைத்தும் மூடியே இருந்தன. மாமியார் அந்தக் காலத்தில் கற்றுக்கொடுத்தபடி பால்கனிக் கதவைத் திறந்து, முறத்தை எடுத்துத் தரையோடு தரையாக வீசத் தொடங்கினேன். கை ஓய்ந்ததுதான் மிச்சம், வாடை குறையவில்லை. சரி, காற்றை வெளியேற்றும் விசிறியையாவது போடலாம் என்று சுவிட்சை நோக்கிக் கையை நீட்டியபோது, என் கணவர் கூடத்திலிருந்தே "தொடாதே!" என்று கத்தினார்.

அவர் வந்து மீட்டருக்கு அருகிலுள்ள வால்வின் கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்காகத் திருப்பினார். கைப்பிடி குழாயின் போக்கிலேயே இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் அடைத்திருக்கிறது என்ற அந்தச் சின்ன விவரத்தைக்கூட நான் அதுவரை கவனித்ததில்லை. இருவரும் படியில் இறங்கி வெளியே வந்த பிறகே, ரசீதில் அச்சிட்டிருந்த அவசர எண்ணைக் கைப்பேசியில் அழைத்தோம். வந்த பணியாளர் சோப்பு நுரையைக் குழாயின் ஒவ்வோர் இணைப்பிலும் தடவிக்கொண்டே வந்தார். அடுப்புக்குப் பின்னால் இருந்த திருகில் கடுகளவுக் குமிழி ஒன்று எழுந்து, பட்டாணி அளவுக்கு ஊதி உடைந்தது. அதே இடத்தில் மறுபடியும் எழுந்தது. முந்தைய வாரம் அடுப்பை முரட்டுத்தனமாக இழுத்துத் துடைத்தவள் நான்தான்.

"அம்மா, சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் படியும். இது காற்றைவிட லேசானது, கூரைக்குப் போய்விடும். நீங்கள் கீழே வீசிக்கொண்டிருந்தீர்கள், அது பரணில் உட்கார்ந்திருந்தது" என்றார் அவர். பிறகு அண்ணாந்து பார்த்து, மேலே இருந்த காற்றுத் துளையை ஏன் அடைத்தீர்கள் என்று கேட்டார். புறாத் தொல்லைக்காக நானே பிளாஸ்டிக் தாளை ஒட்டி அடைத்திருந்தேன். பதில் சொல்ல வாய் வரவில்லை. இதுபோல் வேறு யாருக்கேனும் நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து, முன்பு மும்பையில் வசித்தவர்:

சகோதரி, எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. செம்பூரில் பல ஆண்டுகள் குழாய் எரிவாயுவில் சமைத்துவிட்டு, பணி ஓய்வுக்குப் பின் ஊருக்குத் திரும்பும்போது, நல்ல அடுப்பாயிற்றே என்று அதையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். இங்கே சிலிண்டரில் இணைத்துப் பற்ற வைத்தவுடன், நீலமாக அடங்கி எரிய வேண்டிய தீ மஞ்சளாக ஒரு முழ உயரத்திற்கு எழும்பியது. இரண்டு வேளைச் சமையலில் இட்லிப் பானையின் அடி கரிப்பிடித்துவிட்டது. குழாய் எரிவாயுவுக்கான ஜெட்டின், அதாவது பர்னருக்குள் வாயுவைப் பீய்ச்சும் சிறு முனையின், துளை பெரியது. அதே கன அளவு சிலிண்டர் வாயு ஏறக்குறைய இரண்டரை மடங்கு வெப்பம் தரக்கூடியது என்பதால், அந்தத் துளை வழியாக வரும்போது அளவுக்கு மீறி எரிகிறது என்று அடுப்பு பழுதுபார்ப்பவர் விளக்கினார். ஜெட்டுகளை மாற்றிய பிறகுதான் தீ அடங்கியது. கரி படிவது பாத்திரம் தேய்ப்பவருக்கு மட்டுமான தொல்லை அன்று. வாயு முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது என்பதற்கும் அதுவே அடையாளம்.

எரிவாயுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்:

உங்கள் கணவர் கத்தியது மிகையன்று, அம்மா. இயற்கை எரிவாயு காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது, சுவிட்சுக்குள் எழும் சிறு பொறியே தீப்பிடிக்கப் போதுமானது. 1937 மார்ச் 18 அன்று, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள நியூ லண்டன் பள்ளிக்கூடத்தின் கீழ்த்தளத்தில் கசிந்து தேங்கியிருந்த வாயு, மரவேலை ஆசிரியர் ஒருவர் மின் இயந்திரத்தை இயக்கிய நொடியில் வெடித்து, ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அந்த வாயுவுக்கு வாடையே இல்லாததால் கசிவை எவரும் உணரவில்லை. இன்று நாம் முகம் சுளிக்கும் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தின் வாடையைக் கட்டாயமாகச் சேர்க்கும் சட்டங்கள் அதற்குப் பிறகே வந்தன.

ஆனால் அந்த வாடையையும் எப்போதும் நம்பியிருக்க இயலாது. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு வீட்டின் சுற்றுச்சுவரை ஒட்டி மழைநீர் சேகரிப்புக் குழி தோண்டியவர்கள், மண்ணுக்குள் தென்பட்ட மஞ்சள் எச்சரிக்கை விரிப்பைப் பழைய சாக்கு என்று எண்ணிக் கடப்பாரையால் கிழித்து, அடியில் இருந்த குழாயையும் சேதப்படுத்திவிட்டு, பேசாமல் மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். மண்ணுக்குள் பரவும் வாயுவின் வாடையை மண்ணே உறிஞ்சிக்கொள்வதும் உண்டு. அந்த இடத்தில் மட்டும் புல் காய்ந்து வருவதைக் கண்ட பக்கத்து வீட்டுப் பெரியவர் தகவல் கொடுத்ததால்தான் நாங்கள் அங்கே போனோம்.

கோவையிலிருந்து ஒரு வாசகர்:

என் தங்கை மகன் புனேயில் படித்தபோது, குளிர்காலத்தில் குளியலறையின் காற்றுத் துளையைச் செய்தித்தாளால் அடைத்துவிட்டு, உள்ளேயே மாட்டியிருந்த கேஸ் கீசரை ஓடவிட்டுக் குளித்திருக்கிறான். மேலே சொன்ன கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே இல்லை; தலை சுற்றியது மட்டும்தான் நினைவிருக்கிறதாம். தாழ்ப்பாள் பழுதாக இருந்ததால் நண்பர்கள் கதவைத் தள்ளித் திறந்து தூக்கிவிட்டார்கள். இப்போது அந்த வீட்டின் கீசர் குளியலறைக்கு வெளியே இருக்கிறது.

சென்னை இல்லத்தரசி, மீண்டும்:

அனைவருக்கும் நன்றி. எங்கள் பிளாஸ்டிக் தாளை அன்றே கிழித்தாயிற்று. அதற்குப் பதிலாகக் காற்றுப் புகும்படி கம்பி வலை அடித்திருக்கிறோம். புறாக்கள் வலைக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்து, நான் சமைப்பதை வேடிக்கை பார்க்கின்றன. அடுப்பை இழுத்துத் துடைக்கும் நாளில் வால்வைக் குறுக்காகத் திருப்பிவிட்டுத் தொடங்குகிறேன். முடிந்ததும் பழைய ஷேவிங் பிரஷ்ஷில் சோப்பு நுரை எடுத்து, வால்வைத் திறந்து, அந்தத் திருகில் ஒரு முறை தடவிப் பார்க்கிறேன்.